இரும்புக் கல்லும் ஊதாப் பேன்கேக்கும்

போன பிப்ரவரியில் பக்கத்துத் தெருவில் யாரோ வீடு காலி பண்ணிக்கொண்டு போகும்போது ஒரு வார்ப்பிரும்புக் கல்லை வாசல்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு அடுப்பை மூடுகிற நீளம். மேலெல்லாம் செம்மண் பூசினது போலத் துரு. புரட்டிப் பார்த்தேன், விரிசல் இல்லை, சமதரையில் வைத்தால் ஆடவில்லை. அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். ரூஸ்வெல்ட் அவென்யூ கடையில் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சாப்பிடுகிற தட்டை, அதில் இருப்பது எல்லாவற்றையும், இந்தக் கல்லிலேயே செய்து பார்த்துவிட வேண்டும்.

நாங்கள் இருப்பது நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியின் உட்ஸைடு. தலைக்கு மேல் 7ஆம் எண் ரயில் ஓடும் தெரு அது. 69ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் நான்கு பக்கமும் பிலிப்பினோ கடைகள். பேக்கரி, பலசரக்கு, ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடை எல்லாம் உண்டு. 2022இல் அந்த இடத்துக்கு லிட்டில் மணிலா அவென்யூ என்று பெயர்ப்பலகையே வைத்தார்கள். நான் சொல்லும் கடை பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடும். மெனு அட்டையின் இடப்பக்கம் அமெரிக்கச் சாப்பாடு: பேன்கேக், ஆம்லெட், பேக்கன், வறுத்த உருளைக்கிழங்கு. வலப்பக்கம் பிலிப்பினோச் சாப்பாடு: சிலோக் வகைகள். மேசைக்கு மேசை இரண்டு கெச்சப் பாட்டில், ஒன்று தக்காளி, இன்னொன்று வாழைப்பழம். வாழைப்பழக் கெச்சப்பைக் கண்டுபிடித்தவர் மரியா ஒரோசா என்ற உணவு விஞ்ஞானி. தக்காளி கிடைப்பது அரிதான நாட்டில், கிடைக்கிற வாழைப்பழத்தை வைத்துச் செய்தார். 1945இல் மணிலாப் போரில் இறந்துபோனார். அந்த பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

காலை எட்டு மணிக்குப் போனால் பாதி மேசையில் நர்ஸ்கள்தான். பக்கத்து எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் ராத்திரி டியூட்டி முடித்து, சீருடையோடு வந்து உட்காருவார்கள். நமக்குக் காலைச் சாப்பாடு, அவர்களுக்கு அதுதான் ராச்சாப்பாடு. அதனால்தானோ என்னவோ அந்தத் தட்டு அவ்வளவு கனமாக இருக்கும்.

சிலோக் என்பது இரண்டு சொல்லை ஒட்டவைத்தது. பூண்டு போட்டு வறுத்த சோறு சினங்காக், முட்டை இத்லோக். முன்னால் எந்தக் கறியோ அதன் பெயர் சேரும். உலர்த்தி வறுத்த மாட்டிறைச்சி என்றால் தாப்சிலோக், இனிப்புத் தொத்திறைச்சி லொங்கனீசா என்றால் லொங்சிலோக். தாப்சிலோக் என்ற பெயர் 1980களில் மணிலாப் பெருநகரைச் சேர்ந்த மரிக்கினாவில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில் பிறந்தது என்பார்கள். மெனு அட்டையின் அமெரிக்கப் பக்கம் இந்தக் கடையில் புதிதாகச் சேர்ந்ததில்லை. 1898 முதல் 1946 வரை பிலிப்பைன்ஸ் அமெரிக்கர் கையில் இருந்தது. டின் மாட்டிறைச்சியும் டின் பாலும் பேன்கேக்கும் அப்போதே அந்த ஊர்ச் சமையலறைக்குள் போய்விட்டன. கார்ன்சிலோக் என்று ஒன்று உண்டு. அமெரிக்க டின் மாட்டிறைச்சியைப் பூண்டுச் சோற்றோடு தருவது. அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே வீட்டுச் சாப்பாடுதான்.

என் தட்டு எப்போதும் ஒன்றே. லொங்சிலோக், கூட இரண்டு ஊபே பேன்கேக். ஊபே என்ற கிழங்கு சேர்த்தது, ஊதா நிறத்தில் வரும். பக்கத்தில் பச்சைப் பப்பாளி ஊறுகாய், அதற்கு அச்சாரா என்று பேர்.

முதல் வேலை கல். தோசைக்கல் பழக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை, அளவுதான் பெரிது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, குளிக்கிற தொட்டியில் பழைய பிளாஸ்டிக் தட்டு வைத்து அதில் ஊறப்போட்டேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. துருவைத் தின்ற வினிகர் அடுத்து இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். இரும்பு நாரால் தேய்த்தால் செம்மண் குழம்பாக வடிந்தது. இரண்டு முறை ஊறவைத்துத் தேய்த்ததும் அடியில் சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. உடனே துடைத்து அடுப்பில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு பத்து நிமிடம் விட்டேன், கண் முன்னாலேயே மறுபடி லேசாகச் செம்பட்டை தட்டிவிட்டது. திரும்பத் தேய்த்தேன்.

எண்ணெய் பூசியதில் ஒரு தப்பு செய்தேன். அம்மா தோசைக்கல்லில் நல்லெண்ணெய் தளும்பத் தடவி ராத்திரி முழுக்க வைப்பாள். அதே நினைப்பில் தாராளமாகப் பூசி ஓவனில் 240 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தேன். வெளியே எடுத்தால் கல் முழுக்கப் பிசுபிசு என்று தேன் சிந்தினது மாதிரி ஒட்டியது. சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒரு தோலாகப் படிய வேண்டும். தடிமனாக இருந்தால் மேல்பக்கம் மட்டும் இறுகி உள்ளே பசையாக நின்றுவிடும். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை ஒரு சொட்டுக் கடலை எண்ணெய் பூசி, பிறகு எண்ணெயே பூசவில்லை என்கிற மாதிரி உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, கவிழ்த்து வைத்தேன். நான்கு முறை அப்படி ஏற்றியதும் கல் கறுத்து, விரல் வைத்தால் வழுக்கியது. முதல் தோசை ஒட்டாமல் வந்தது. அன்று தோசையோடு நிறுத்திக்கொண்டேன்.

கடையில் கல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவுன்டர் ஸ்டூலில் உட்கார்ந்துதான் கவனித்தேன். அங்கே சமைப்பவரைக் குயா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அண்ணன் என்று அர்த்தம். நானும் அப்படியே. அவருடைய எஃகுக் கல் ஒரு மேசை நீளம் இருக்கும். இடது ஓரத்தில் சூடு குறைவு, அங்கே பேன்கேக். வலது ஓரம் கொதிக்கும், அங்கே சோறு. நடுவில் முட்டை. விரலைத் தண்ணீரில் தொட்டுக் கல்லில் தெளிப்பார். இடப்பக்கம் சொட்டு நிதானமாகக் கொதித்து வற்றும். வலப்பக்கம் உருண்டு ஓடும். அதைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி. எங்கள் வீட்டில் தோசை ஊற்றுவதற்கு முன் செய்கிற அதே சோதனை.

என் கல்லும் இரண்டு அடுப்பில் உட்காருவதால் அதே வேலையைச் செய்யும் என்று பட்டது. இடது அடுப்பைச் சிறு தீயிலும் வலதைப் பெருந்தீயிலும் வைத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, சூடு பார்க்கும் அகச்சிவப்புக் கருவியை நீட்டினேன். இடது 165 டிகிரி, வலது 225. நடுவில் ஒரு சாண் அகலம் 140ஐத் தாண்டவில்லை. அந்த நடுப்பகுதி பின்னால் தொல்லை கொடுத்தது.

சோற்றை முதலில் எடுத்துக்கொண்டேன், அதுதான் சுலபம் என்று நினைத்து. நேற்றுச் சோறு வேண்டும். நம் பழையது மாதிரித் தண்ணீர் ஊற்றி வைக்கக்கூடாது. வடித்ததும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, சீக்கிரமே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ராத்திரி குளிரில் ஒவ்வொரு பருக்கையும் இறுகி, மறுநாள் கல்லில் விழும்போது உதிரியாக நிற்கும். நான் மல்லிகை அரிசி எனப்படும் தாய்லாந்து அரிசியைப் பயன்படுத்தினேன். பொன்னி அரிசியிலும் ஒரு வாரம் செய்தேன், மோசமில்லை, ஆனால் அந்த லேசான ஒட்டுதல் வரவில்லை.

பூண்டில்தான் நேரம் போனது. நான்கு கப் சோற்றுக்குப் பத்துப் பல். முதல் தடவை கல் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டுப் பூண்டைப் போட்டேன். பத்து எண்ணுவதற்குள் ஓரம் கறுத்து, சோறு முழுக்கக் கசப்பு. குயாவைக் கேட்டேன். “எண்ணெயும் பூண்டும் ஒன்றாகச் சூடாகட்டும். பொன்னிறத்துக்கு முன்னாடியே எடுத்துவிடு, வெளியே எடுத்த பிறகும் அது வேகும்” என்றார். அப்படியே சிறு வாணலியில் குளிர்ந்த எண்ணெயில் போட்டு மெதுவாகச் சூடாக்கினேன். வைக்கோல் நிறம் வந்ததும் வடித்துவிட்டேன். தட்டில் கிடந்து அது பொன்னிறமாகியது. பூண்டு எண்ணெயைக் கல்லின் வலப்பக்கம் ஊற்றிச் சோற்றைப் பரப்பி, தோசைத்திருப்பியால் அழுத்தி ஒரு நிமிடம் தொடாமல் விட்டேன். அடியில் லேசாக முறுகல் பிடித்ததும் புரட்டி உப்புத் தூவி, எடுத்து வைத்த பூண்டைக் கடைசியில் சேர்த்தேன். வீடெல்லாம் அந்தக் கடை வாசனை வந்தது.

அடுத்த ஞாயிறு பேன்கேக். இதுதான் என்னை ஆறு வாரம் இழுத்தடித்தது.

ஊபே என்பது ஊதா நிற வள்ளிக்கிழங்கு. ஊதாச் சர்க்கரைவள்ளியைச் சிலர் ஊபே என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். அது வேறு கிழங்கு, வேறு ருசி. ரூஸ்வெல்ட் அவென்யூவில் துருவி உறையவைத்த ஊபே 454 கிராம் பாக்கெட்டில் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி, பனி விட்டதும் அப்படியே மாவில் கலந்தேன். மைதா, சர்க்கரை, முட்டை, பால், ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. மோர் சேர்க்கச் சொல்லியிருந்த குறிப்பில், மோர் இல்லாததால் பாலை ஊற்றினேன். கலக்கும்போது அழகான ஊதா. பத்து நிமிடம் ஊறட்டும் என்று மூடிவைத்துத் திறந்தால் மாவு நீலச்சாம்பல் ஆகியிருந்தது. கல்லில் ஊற்றித் திருப்பினால் குளத்துப் படிக்கட்டுப் பச்சை. வாயில் வைத்தால் சோப்புக் காரல், நடுநடுவே வேகாத கிழங்கு நார்.

எங்கள் மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். உப்பு வாங்க வந்தவர் தட்டைப் பார்த்தார்.

“தம்பி, உதென்ன, பாசி பிடிச்ச மாதிரிக் கிடக்கு?”

பாக்கெட்டைக் காட்டினேன். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இது எங்கட இராசவள்ளிக் கிழங்கெல்லே! அம்மா இதிலை கூழ் காய்ச்சுவா. கிழங்கை வடிவா அவிச்சு மசிச்சு, தேங்காப்பாலும் சீனியும் விட்டுக் கைவிடாமல் துழாவ வேணும். நீங்கள் பச்சையாய்ப் போட்டிருக்கிறியள், பிறகு எப்பிடி ருசிக்கும்?”

பிலிப்பினோக்கள் இதே கிழங்கைத் தேங்காய்ப்பாலிலோ டின் பாலிலோ வெண்ணெய் போட்டுக் கிளறி ஊபே ஹலாயா என்று செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதைக் கரண்டியால் அள்ளிக் குடிக்கிற பதத்தில் இறக்குகிறார்கள்; மணிலாவில் அல்வாப் பதத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அச்சாராவைப் பற்றிச் சொன்னபோது அக்கா, “நாங்களும் அச்சாறு எண்டுதானே சொல்லுறது” என்றார். மலாய்க்காரர் வாயிலும் இந்திக்காரர் வாயிலும் இருக்கிற ஆச்சார்தான் இரண்டு ஊருக்கும் போயிருக்கிறது.

அன்று மாலை கிழங்கு பாதிப் பாக்கெட்டை அரை கப் தேங்காய்ப்பாலில் இருபது நிமிடம் சிறு தீயில் கிளறினேன். அடிபிடிக்கிற கிழங்கு, அக்கா சொன்னது போலக் கை எடுக்க முடியாது. நார் கரைந்து வழவழவென்று வந்தது. ருசிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. நிறம் தீரவில்லை.

அதற்கு மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி கிழங்கு விழுதும் தண்ணீரும். முதலாவதில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் சோடா ஒரு சிட்டிகை. மூன்றாவதில் எலுமிச்சை பிழிந்தேன். முதலாவது ஊதாவாகவே நின்றது. இரண்டாவது பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகி, அதற்குப் பிறகு பச்சைக்கு இறங்கியது. மூன்றாவது இளஞ்சிவப்பு ஆனது. கிழங்கின் நிறம் ஆந்தோசயனின் என்ற சாயத்தால் வருவது. சங்குப்பூவிலும் சிவப்பு முட்டைக்கோஸிலும் இருக்கிற அதே குடும்பம். புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமும் பச்சையும் ஆகும். மோரின் புளிப்பு இல்லாமல் சோடா மட்டும் தனியாக நின்றதால்தான் என் மாவு பச்சையாகியிருக்கிறது. அந்த சோப்புக் காரலும் அதே மிச்சச் சோடாதான்.

சோடாவை விட்டுவிட்டுப் பேக்கிங் பவுடருக்கு மாறினேன். அதற்குள்ளேயே சோடாவுக்கு ஈடான அமிலமும் இருப்பதால் மாவு ஒரு பக்கம் சாயாது. ஒரு வாரம் முழுக்கத் தயிர் ஊற்றிப் பார்த்தேன், நிறம் ரோஜாப்பூப் பக்கம் போய்விட்டது. பாதிக்குக் குறைவாகத் தயிர், பாதிக்கு மேல் பால் என்று வந்தபோதுதான் சரியான ஊதா நின்றது. நின்ற அளவு இது: மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன், முட்டை ஒன்று, பால் முக்கால் கப், கடைந்த தயிர் அரை கப், உருக்கிய வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, ஆறவைத்த கிழங்கு விழுது ஒரு கப். கிழங்கு மாவை இறுக்கும், ஊற்றும்போது இட்லி மாவை விடக் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். கட்டி கிடந்தாலும் பரவாயில்லை, அதிகம் கலக்கினால் ரப்பர் ஆகிவிடும்.

அப்படியும் கடையில் வருகிற பளிச்சென்ற ஊதா எனக்கு வரவில்லை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன். குயா மறைக்கவில்லை. “பாதி கிழங்கு, பாதி பாட்டில்” என்று அலமாரியைக் காட்டினார். ஊபே எசன்ஸ். அதில் சேர்த்திருக்கிற நிறம் செயற்கை நிறம், சோடாவுக்கும் புளிப்புக்கும் அசையாது. வாடிக்கையாளர் ஊதாவைப் பார்த்துத்தான் கேட்கிறார், கிழங்கு மட்டும் போட்டால் மங்கலாக இருக்கிறது என்று திருப்பிவிடுகிறார் என்றார். நானும் ஒரு பாட்டில் வாங்கி வந்து அரை டீஸ்பூன் ஊற்றிப் பார்த்தேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா காட்டிய பதத்தில் கிழங்கை வேகவைத்த பிறகு எனக்கு அந்த மங்கல் ஊதாவே பிடித்துவிட்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே தெரியும் நிறம் கிழங்கை வெட்டினால் வருகிற நிறமே. பாட்டில் அலமாரியில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, சூடு. சாதாரணப் பேன்கேக்குக்கு 190 டிகிரி சரி. ஊபேயை அங்கே ஊற்றினால் மேல்தோல் பழுத்துப் பழுப்பாகி ஊதாவை மூடிவிடும். 165இல், எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுத்த கல்லில், குமிழி உடைந்து குழி மூடாமல் நிற்கும்வரை பொறுத்துத் திருப்பினால் நிறம் கெடாது. ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம். பசியோடு நிற்பவர்களுக்கு அது நீண்ட நேரம்.

லொங்கனீசாவில் ஊருக்கு ஒரு கை. பிலிப்பைன்ஸின் விகான் ஊரில் பூண்டும் கரும்பு வினிகரும் தூக்கலாக, புளிப்பாக இருக்கும். பம்பாங்கா பக்கம் இனிப்பு. கடையில் தருவது இனிப்பு வகை. தோல் இல்லாமல் உருட்டுகிற முறையில் வீட்டிலேயே செய்தேன். கொழுப்பு கால் பங்குக்குக் குறையாத பன்றிக் கொத்துக்கறி அரைக் கிலோ, பழுப்புச் சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி, தட்டிய பூண்டு எட்டுப் பல், வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகு, நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய்த்தூள். பிசைந்து ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, விரல் நீளத்துக்குக் காகிதத்தில் சுருட்டினேன்.

நேராகக் கல்லில் வைத்ததுதான் தவறு. சர்க்கரை வெளியே வடிந்து வலப்பக்கத்துக்கு ஓடி, ஒரு நிமிடத்தில் கருகிப் புகை மண்டி, புகை அலாரம் கத்த ஆரம்பித்தது. பாடுபட்டு ஏற்றிய எண்ணெய்த் தோல் ஓரத்தில் பெயர்ந்து வந்தது. சரி செய்ய ஒரு சனிக்கிழமை போயிற்று. கடையில் காலையிலேயே பின்கட்டில் வாணலியில் கால் கப் தண்ணீர் ஊற்றி லொங்கனீசாவை வேகவைத்துவிடுகிறார்கள். தண்ணீர் வற்றியதும் தன் கொழுப்பிலேயே பொரிய ஆரம்பிக்கும். சாப்பிட ஆள் வந்ததும் கல்லில் ஒரு புரட்டுப் புரட்டிப் பளபளப்பு ஏற்றித் தருவார்கள். நானும் அப்படியே வாணலியில் வேகவைத்து, நடுவில் 71 டிகிரி காட்டியதும் எடுத்து, கல்லின் இடப்பக்கத்தில் அரை நிமிடம் உருட்டினேன். கண்ணாடி பூசினது போல வந்தது.

ஏழாவது ஞாயிறு எல்லாம் ஒன்றாக. ஏழு மணிக்குக் கல்லை ஏற்றினேன். பேன்கேக் முதலில், ஓவனில் மெல்லிய சூட்டில் காத்திருக்கும். அது நடக்கும்போதே வாணலியில் லொங்கனீசா. பிறகு சோறு வலப்பக்கம், லொங்கனீசா இடப்பக்கம், முட்டை நடுவில். பப்பாளி அச்சாரா முந்தின வாரமே போட்டு வைத்திருந்தேன். அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். அவர் பேன்கேக்கைப் பிய்த்து உள்ளே பார்த்துவிட்டு, “இப்ப சரி, இப்பதான் கிழங்கு தெரியுது” என்றார். மீதிப் பாக்கெட்டைக் கூழுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

முட்டை மட்டும் சரியாக வரவில்லை. அந்த 140 டிகிரி நடுப்பகுதியில் வெள்ளைக்கரு இறுகியதே தவிர, கடையில் வருகிற ஓர முறுகல் வரவே இல்லை. லொங்கனீசா வெந்த வாணலியில் அந்தச் சிவப்புக் கொழுப்பு அப்படியே கிடக்கிறது. அடுத்த ஞாயிறு முட்டையை அதில் உடைத்து ஊற்றப்போகிறேன்.